தாலாட்டுக்குள் ஒரு மனு

(தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



பாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். சம்பளம், வீடு, அடையாள அட்டை, தமிழ்ப்பள்ளி என்று பேச ஆயிரம் இருக்கும்போது பாட்டு எதற்கு என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நியாயமான முணுமுணுப்புதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் பாட்டனும் பாட்டியும் இந்த மண்ணில் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு நம் கையில் என்ன தாள் இருக்கிறது? சம்பளச் சீட்டைக் கரையான் தின்றுவிட்டது. தோட்ட ஆபீஸ் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வெறும் பேர், நம்பர். எத்தனை ராத்தல் பால் கொண்டு வந்தார்கள் என்று அதில் இருக்கும். அன்றைக்கு அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று இருக்காது. அது பாட்டில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நான் செய்யப் போவது மிகவும் எளிய வேலை. ஒரே விஷயத்தைப் பற்றிய வெவ்வேறு பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். வரிகளைப் பாடிக் காட்ட மாட்டேன். என் குரல் எப்படி என்று இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவர்கள் பாவம்! பாட்டு என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது? சோகமா, கோபமா, கிண்டலா என்பதை அந்தக் கேள்வி நமக்குப் பிரித்துக் காட்டிவிடும்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பெரியவரிடமிருந்து தொடங்குவோம். பிஜித் தீவில் அடிமைபோல் வேலை வாங்கப்பட்ட நம் பெண்களைப் பற்றிப் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டை எழுதினார். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவிலிருந்து பிஜிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 1903க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல் போனது. பாரதியார் பிஜியைப் பார்த்தவர் இல்லை. அவர் பத்திரிகைக்காரர். அங்கே நடந்த கொடுமை எழுத்தில் வந்துதான் அவரைச் சுட்டது.

அந்தப் பாட்டில் அவர் யாரோடு பேசுகிறார் என்று கவனியுங்கள். வெள்ளைக்காரனோடு இல்லை. அந்தப் பெண்களோடும் இல்லை. காற்றோடு பேசுகிறார். நீ அங்கே வீசியிருப்பாயே, அவர்கள் தேம்புவதைக் கேட்டிருப்பாயே என்று காற்றைக் கேட்கிறார். கடைசியில் காளியைக் கூப்பிடுகிறார். படித்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. பெரிய பாட்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாட்டில் பெண்கள் அழுகிறார்கள், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுடைய கோபம் இல்லை, ஏச்சு இல்லை, நையாண்டி இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டால் அழுகை மட்டும்தான் கேட்கும்போல.

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் வருவோம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறை ஓங்கியது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடுக்கும்வரை அது நடந்தது. கங்காணி யார்? பெரும்பாலும் அதே ஊர்க்காரன். பல சமயம் சொந்தக்காரன். நாலு வருஷத்துக்கு முன் கோவணத்தோடு போனவன் கோட்டும் தலைப்பாகையுமாகத் திரும்பி வந்து, பினாங்கில் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினான். இலங்கையிலும் இதே கதைதான். தேயிலைச் செடிக்கு அடியில் தேங்காயும் மாசியும் புதைந்து கிடக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்களாம்!

அதனால் நம் தோட்டப் பாட்டில் கங்காணி வரும்போது வெறும் அழுகை வராது. முறை சொல்லிக் கூப்பிட்டு, பிறகு குத்துகிற பாட்டு வரும். அவன் நடையைக் கிண்டல் செய்யும், அவன் வயிற்றைக் கிண்டல் செய்யும், அவன் கணக்கைக் கிண்டல் செய்யும். துரை ஏமாற்றினால் அது வேறு. நம் வீட்டில் சோறு தின்றவன் ஏமாற்றினால் அது வேறு. இந்த வித்தியாசம் பாரதியாருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நிரையில் நின்ற கிழவிக்குத் தெரியும். தோட்டத்துப் பாட்டு என்றாலே சோகப்பாட்டு என்று மேடைகளில் சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிச் சொன்னால் நம் பாட்டிமார்களிடமிருந்து பாதி மூளையைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்தது தாலாட்டு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஊர்த் தாலாட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அழுகிற பிள்ளையிடம், உன்னை அடித்தது யார், அத்தையா, பாட்டியா என்று கேட்கும். மாமன் என்னென்ன சீர் கொண்டு வருவான் என்று அடுக்கும். தொட்டிலுக்குத் தங்கமும் வைரமும் பதிக்கும். வீட்டில் கூழ்கூட இருக்காது, பாட்டில் மட்டும் தங்கம். அது ஓர் ஆசைப்பட்டியல். அதைக் கேட்கிற ஆட்களும் வீட்டிலேயே இருப்பார்கள். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான், தங்கச்சி சீர் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரியும். குழந்தையிடம் சொல்வது போல அண்ணனிடம் சொல்கிறாள்.

அந்தப் பாட்டு கப்பலேறி லயத்து வீட்டுக்கு வந்தது. தொட்டில் வந்தது, தாளம் வந்தது. மாமன் வரவில்லை! அவன் நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் போல ஒன்று வந்து போகும்போதுதான் ஊரிலிருந்து தகவல் வரும். அடித்தது அத்தையா என்று கேட்டால் அத்தையும் இல்லை. ஆக, பழைய பாட்டில் ஆட்கள் இருந்த இடங்களெல்லாம் காலியாகிவிட்டன. அந்தக் காலி இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது? விடியாத இருட்டில் அடிக்கிற பிரட்டு மணி வந்தது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுகிற ஓட்டம் வந்தது. மார்பில் பால் கட்டிக்கொள்ள, மரத்துப் பாலைச் சேர்க்கிற கொடுமை வந்தது. மழை வந்தால் மங்கில் பால் கெட்டுப்போய் அரைப்பேர் விழுகிற கணக்கு வந்தது. கிராணியின் வாய் வந்தது.

இதையெல்லாம் ஏன் கைக்குழந்தையிடம் சொல்ல வேண்டும்? அதற்கு என்ன புரியும்? அதுதான் காரணமே. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமும் போகும். கிராணியிடம் நேராகப் பேசினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் வாய் திறப்பாளா? ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. இவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடினால் அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் கேட்கும். யாராவது கேட்டால், நான் பிள்ளையைத் தூங்க வைத்தேன் என்று சொல்லிவிடலாம். எந்தத் தண்டலும் தாலாட்டுக்கு அபராதம் போட முடியாது. நான் இதை மனு என்றுதான் சொல்வேன். எழுதத் தெரியாதவள், அனுப்ப இடமில்லாதவள் போட்ட மனு.

இதற்குப் பக்கத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை வைத்துப் பாருங்கள். 1930இல் பிறந்து 29 வயதில் போய்விட்டவர். ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு, 1958இல், தூங்குகிறவனைத் தட்டி எழுப்புகிற பாட்டை அவர் எழுதினார். இங்கே தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் அந்தப் பாட்டைக் கேட்காதவர் உண்டா! அதுவும் சின்னப் பிள்ளையைப் பார்த்துப் பாடுகிற பாட்டுதான். தாலாட்டும் பிள்ளையைப் பார்த்துத்தான். ஒன்று தூங்கச் சொல்கிறது, இன்னொன்று தூங்காதே என்கிறது. ஆனால் பட்டுக்கோட்டையின் குரலில் பயமே இல்லை. சிரித்துக்கொண்டே குட்டுகிறார். சினிமாப் பாட்டு கொட்டகை முழுக்கக் கேட்கலாம், பாடுகிறவனை யாரும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. தாலாட்டு பாடியவளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எனக்கு இரண்டு பாட்டிலும் ஒரே சரக்கு இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், ஒருவர் சத்தமாகச் சொன்னார்.

வேலைப் பாட்டைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தஞ்சாவூர்ப் பக்கம் நடவு நடும்போது பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து நிற்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நிற்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினராகவும் கவிஞராகவும் இருந்த சி.வி. வேலுப்பிள்ளை அந்த மலைநாட்டுப் பாடல்களைத் தேடிச் சேகரித்து வைத்ததால் அவற்றில் பல இன்றைக்கும் அச்சில் இருக்கின்றன. பால்மரம் வெட்டுவது அப்படி இல்லை. உங்கள் நிரை உங்களுக்கு, என் நிரை எனக்கு. இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவோம். கொசுவும் காட்டுப்பன்றியும்தான் துணை. ஆகவே நடவுப் பாட்டில் ‘நாம்’ என்று வருகிற இடத்தில் பால்காட்டுப் பாட்டில் ‘நான்’ என்று வருகிறது. இது என் கணிப்பு, வேறு மாதிரி நினைப்பவர்கள் பிறகு வந்து சண்டை போடலாம். புல் வெட்டுகிற கூட்டம், மருந்து அடிக்கிற கூட்டம் என்று வெளிக்காட்டு வேலையில் ஒன்றாகப் போனவர்கள் பாடிய பாட்டில் கும்மாளம் அதிகம் என்பதும் என் கணிப்போடு ஒத்துப் போகிறது. செம்பனைக்கு என்று தனிப்பாட்டு நான் கேட்டதில்லை. செம்பனை வந்தபோது டிரான்சிஸ்டர் ரேடியோவும் வந்துவிட்டது. பாடுகிற வேலையை அது எடுத்துக்கொண்டது.

கள்ளுக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒரே கடை, மூன்று விதமான பாட்டு. பெண்டாட்டி பாடினால் சம்பளத்தன்று சாயங்காலம் வெறுங்கையோடு வருகிறவனைப் பற்றிப் பாடுவாள். அதில் திட்டும் இருக்கும், அவன் உடம்பு கெட்டுப்போகிறதே என்ற பாசமும் இருக்கும். பத்திரிகைக் கவிஞர் பாடினால் ‘தமிழா’ என்று ஆரம்பித்துக் குடியின் கேட்டை வரிசையாகச் சொல்லுவார். சினிமாவில் பாடினால் கதாநாயகன் தள்ளாடிக்கொண்டே தத்துவம் பேசுவான், நாமும் கைதட்டுவோம். இதில் பத்திரிகைக் கவிஞரை நாம் லேசாக நினைக்கக் கூடாது. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பி, போலீஸோடு மோதி, உயிரையும் கொடுத்தார்கள். அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பேச்சும் பாட்டும் இல்லாமல் அந்தக் கோபம் திரண்டிருக்காது. ஆனாலும் கள்ளுக்கடை யாருக்கு வருமானம், அதைத் தோட்டத்து வாசலில் வைத்தது யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, குடிக்கிறவனை மட்டும் திட்டிய கவிதைகளும் நிறைய. அவற்றை இன்று படிக்கும்போது எனக்கு அலுப்புத்தான் வருகிறது. பெண்டாட்டியின் பாட்டு அலுப்பதில்லை.

இப்போது 1943ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த அக்டோபர் மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். மூன்று மாதம் வேலை, நல்ல சம்பளம் என்று சிலரிடம் சொன்னார்கள். சிலரைச் சும்மா லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, கால் புண், பட்டினி. ஆயிரமாயிரமாக அங்கேயே மண்ணாகிப் போனார்கள். இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் வந்து சேர்ந்தது 1943 அக்டோபர் 17ஆம் தேதி. நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21ஆம் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் தோட்டத்துப் பெண்கள்.

ஒரே வாரம். ஒரே லயம். அண்ணன் சயாமில், தங்கை சிங்கப்பூரில். இப்படியும் குடும்பங்கள் இருந்திருக்கும்.

படையில் சேர்ந்த பெண் பாடியது நடைப்பாட்டு. காலடிக்குத் தகுந்த தாளம். அது எல்லாரையும் பார்த்துப் பேசுகிற பாட்டு, முன்னே பார்க்கிற பாட்டு. ‘நாம்’ என்று சொல்லுகிற பாட்டு. அதுவரை பால் வாளியைக் காண்டாக் கம்பில் தூக்கிய தோள் முதல்முறையாகத் துப்பாக்கியைத் தூக்கியது. அதில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை அந்தப் படையிலிருந்து திரும்பியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சயாமுக்குப் புருஷனை அனுப்பியவள் என்ன பாடுவாள்? ஒப்பாரி என்று சொல்லுவீர்கள். அங்கேதான் சிக்கல். ஒப்பாரி வைக்கப் பிணம் வேண்டும். நம் வழக்கத்தில் ஒப்பாரி பெரிய ஆயுதம். சாவு வீட்டில் ஒரு பெண் மாரடித்துக்கொண்டு எதைச் சொன்னாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். மாமியார் செய்த கொடுமையைச் சொல்லலாம், மருந்து கொடுக்காமல் விட்டவனைச் சொல்லலாம், எல்லாக் கணக்கையும் செத்தவனிடம் சொல்வது போல ஊருக்கே சொல்லிவிடலாம். தாலாட்டில் மெதுவாகச் சொன்னதை ஒப்பாரியில் உரக்கச் சொல்லலாம். ஆனால் சயாமுக்குப் போனவன் செத்தானா இருக்கிறானா என்றே தெரியாது. கடுதாசி இல்லை. போர் முடிந்து 1945க்குப் பிறகு சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். மற்றவர்களுக்குச் சேதி வரவில்லை. தாலியைக் கழற்றலாமா, பொட்டை அழிக்கலாமா என்று தெரியாமல் வருஷக்கணக்கில் பெண்கள் இருந்தார்கள். ஒப்பாரி வைத்தால் அவன் செத்தான் என்று தானே முடிவு கட்டிவிடுவது மாதிரி ஆகும். வைக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அப்படியொரு பெண் பாடினால் அது காத்திருக்கிற பாட்டு மாதிரி ஆரம்பிக்கும், பாதி வழியில் ஒப்பாரி மெட்டுக்குப் போகும், பிறகு பயந்துகொண்டு திரும்பி வந்துவிடும். என் சொந்தக்காரர்களில் ஒரு மூதாட்டி அப்படித்தான் பாடுவார். சிறு வயதில் எனக்கு, இவருக்குப் பாட்டு மறந்துபோய்த் தடுமாறுகிறார் என்று தோன்றும்.

நடைப்பாட்டையும் இதையும் எதிரெதிராக நிறுத்தி எது வீரம், எது கோழைத்தனம் என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கருத்து.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வந்த எழுத்துக் கவிதைகளுக்கு வருவோம். ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கியது, 2019இல் நின்றுபோனது. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ 1935இல் தொடங்கியது. இந்தப் பத்திரிகைகள்தான் நம் கவிஞர்களுக்குப் பள்ளிக்கூடம். முரசு நெடுமாறன் நூறாண்டுக் கவிதைகளைத் தேடித் தொகுத்து 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்று கொண்டு வந்தார். தனி மனிதர் செய்த பெரிய காரியம் அது. நூலகத்தில் கிடைத்தால் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். அந்தக் கவிதைகளில் பெரும்பாலும் கேட்கிற குரல் மேடைக்குரல். ஒன்றுபடு, படி, எழு, மொழியைக் காப்பாற்று. 2014இல் மறைந்த கவிஞர் சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்தை இன்று நம் நிகழ்ச்சிகளில் எழுந்து நின்று பாடுகிறோம். ஒரு முஸ்லிம் கவிஞர் எழுதியதை எல்லாச் சமயத்துத் தமிழரும் ஒன்றாகப் பாடுகிறோம் என்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். அது தமிழை அம்மாவாகப் பார்த்துப் பேசுகிற பாட்டு. நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் வீட்டுக்குப் போனதும் மனம் தேடுவது வேறு பாட்டை. நிமிர்ந்து நிற்க ஒரு பாட்டு, குனிந்து அழ ஒரு பாட்டு. இரண்டும் வேண்டியிருக்கிறது.

பிரிவைப் பற்றி இரண்டே வார்த்தை. கப்பலேறும்போது பாடிய பிரிவுப் பாட்டில் பின்னால் தெரிந்தது ஊர்க் கோயிலும் கண்மாயும். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு இலங்கை மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் திரும்ப அனுப்பப்பட்டார்கள். அவர்களை ஏற்றிப்போன இரயிலுக்கே அழுகைக் கோச்சி என்று பெயர் வந்துவிட்டது. இங்கேயும் 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் வேலை பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அந்தப் பிரிவில் பின்னால் தெரிந்தது பால்மரமும் லயமும். பாட்டன் விட்டுவந்த ஊரை நினைத்து அழுதான். பேரன் அந்த ஊருக்கே அனுப்பப்பட்டபோது தோட்டத்தை நினைத்து அழுதான். பொருள் அதே பிரிவு, திசை மட்டும் நேர் எதிர்.

இளைஞர்கள் கொட்டாவி விடுவதற்கு முன் உங்கள் பாட்டுக்கும் வந்துவிடுகிறேன். 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ ஒலித்தட்டை வெளியிட்டார்கள். கோலாலம்பூர்ப் பிள்ளைகளின் தமிழ் ராப் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. ‘நிழல்கள்’ படத்துக்கு 1980இல் இளையராஜா இசையமைத்த ஒரு பாட்டை எடுத்து அவர்கள் புதிதாக்கினார்கள். பழைய பாட்டில் வாய்ப்புத் தேடுகிற ஓர் இசைக்கலைஞன் கனவு காண்கிறான். புதிய பாட்டில் கனவு காணவில்லை, நான் வந்துவிட்டேன் என்கிறான். பெரியவர்கள் பலருக்கு அந்த ‘நான்’ பிடிக்கவில்லை. திமிர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டில் தனி நிரையில் நின்று ‘நான்’ என்று பாடிய கிழவியை நினைத்துப் பாருங்கள். அவளுடைய ‘நான்’ யாருக்கும் கேட்கக் கூடாது என்று பாடியது. பேரனுடைய ‘நான்’ எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டது. நடுவில் இரண்டு தலைமுறையும் ஒரு நகரமும் இருக்கின்றன. எனக்கு ஒரே ஒரு குறை. கங்காணியைக் கிண்டல் செய்த அந்த நக்கல் இன்றைய பாட்டில் குறைவு. அதைப் பிள்ளைகள் மறுபடி கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

கற்றுக்கொள்ள வேண்டுமானால் பாட்டு கையில் இருக்க வேண்டும். தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனையாகவும் மாறி, நாம் ஆளுக்கு ஒரு அடுக்குமாடி வீட்டில் சிதறிக் கிடக்கிறோம். பாட்டு தெரிந்தவர்களுக்கு எண்பது, தொண்ணூறு வயது. எந்தப் பல்கலைக்கழகமும் வந்து உங்கள் பாட்டியின் வாயில் மைக்கை நீட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கைப்பேசி போதும்.

எப்படிப் பதிவு செய்வது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ‘பாட்டு பாடுங்க’ என்று கேட்டால் சினிமாப் பாட்டுதான் வரும், அல்லது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், பிரட்டு எத்தனை மணிக்கு, கிராணி பேர் என்ன என்று கேளுங்கள். கிராணி பேரைச் சொல்லும்போதே பாட்டு வந்துவிடும். கெட்ட வார்த்தை வந்தால் நிறுத்தாதீர்கள், திருத்தாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ‘ஐயே, அதைச் சொல்லாதீங்க ஆயா’ என்று தடுக்கிற மருமகளை அடுப்படிக்கு அனுப்பிவிடுங்கள். மலாய் வார்த்தை கலந்து வந்தால் அப்படியே இருக்கட்டும். யாரிடம் கேட்டுக் கற்றார், என்ன வேலை செய்துகொண்டே பாடினார் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பாதியில் நின்றுவிட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். பாடி முடித்ததும் உடனே பதிவை நிறுத்திவிடாதீர்கள். ஓர் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பாட்டில் வந்த ஆள் உண்மையில் யார் என்று அப்போதுதான் சொல்லுவார்கள்.